ஜிமெயிலை விடுவதா, அங்கேயே இருந்து பூட்டை இறுக்குவதா? அஞ்சல்பெட்டி மாற்ற நினைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

திருகோணமலை நீதிமன்றத்துக்குக் கிட்ட ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுப்பது என் தொழில். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். முன்பெல்லாம் கடதாசியைக் கையில் கொண்டுவந்து தருவார்கள். இப்போது மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் படம் எடுத்து ஈமெயிலில் அனுப்பிவிடுகிறார்கள். வேலை முடிந்ததும் முத்திரை குத்திய பிரதியை வாங்க ஒருதரம் வந்தால் போதும்.

போன தை மாதம் என் ஜிமெயில் நிரம்பிவிட்டது. பழையதை அழிக்கலாம் என்று உட்கார்ந்தேன். கடவுச்சீட்டுகள், விவாகரத்துத் தீர்ப்புகள், பொலிஸ் அறிக்கைகள், வங்கிக் கூற்றுகள், ஒரு பிள்ளையின் தத்தெடுப்புப் பத்திரம் என்று வந்துகொண்டே இருந்தது. இடையில், காணாமல் போன மகனைப் பற்றி மூதூர் அம்மா ஒருவர் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், பதினோரு பக்கம். அவருக்கு ஈமெயில் இல்லை. பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கொமியூனிகேஷன் கடையில் ஸ்கேன் பண்ணி, கடையின் முகவரியிலிருந்தே அனுப்பியிருக்கிறார். அப்படியென்றால் அந்தப் பதினோரு பக்கமும் என் பெட்டியிலும் கிடக்கிறது, அந்தக் கடையின் அனுப்பியவை பகுதியிலும் கிடக்கிறது.

“எனக்கு மறைக்க என்ன இருக்கிறது” என்று நானும் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னுடையதில் ஒன்றுமில்லை, உண்மைதான். ஆனால் என் பெட்டியில் கிடந்தவற்றில் பாதிக்கு மேல் மற்றவர்களுடையது.

அன்றைக்கே வேறு பெட்டி தேடத் தொடங்கினேன். மாற்றியது தெரிந்ததிலிருந்து பலர் கேட்கிறார்கள். உப்புவெளியில் நாலு அறை வைத்து வாடகைக்கு விடும் அண்ணா, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பக்கத்து வீட்டுத் தங்கச்சி, ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர். மூவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

எதை வைத்து அளப்பது

முதற்கேள்வி, திறப்பு, அதாவது பூட்டின் சாவி, யாரிடம் இருக்கிறது என்பது. இன்றைக்கு எந்த நல்ல சேவையும் கடிதத்தைப் போகிற வழியிலும், தன் கணினியில் வைத்திருக்கும்போதும் பூட்டித்தான் வைக்கிறது. வித்தியாசம் திறப்பில் இருக்கிறது. சாதாரண சேவையில் அது நிறுவனத்தின் கையில். தனியுரிமைச் சேவைகளில் அதை விடுவிப்பது உங்கள் கடவுச்சொல்; நிறுவனம் நினைத்தாலும் பழைய கடிதத்தைத் திறந்து படிக்க முடியாது.

இரண்டாவது, அந்தத் திறப்பு தொலைந்தால் என்ன ஆகும்? இது முதற்கேள்வியின் மறுபக்கம். நிறுவனத்திடம் திறப்பு இல்லையென்றால், நீங்கள் தொலைத்த பிறகு எடுத்துத் தரவும் அவர்களிடம் ஒன்றுமில்லை.

மூன்றாவது, வரவேண்டியது வருமா, போகவேண்டியது போய்ச் சேருமா. வங்கியின் குறியீடு, விசா அலுவலகத்தின் கடிதம், பல்கலைக்கழகத்தின் பதில் இதெல்லாம் ஒரு நாள் பிந்தினாலும் சிக்கல்.

நாலாவது காசு. இந்தச் சேவைகள் டொலரிலோ யூரோவிலோதான் கேட்கும். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஓடியதை நாங்கள் பார்த்தவர்கள். மாதாமாதம் கட்டும் எதையும் அந்த நினைப்போடுதான் எடுக்க வேண்டும்.

ஐந்தாவது, வெளியேறும் வழி. ஸ்கிஃப் என்று ஒரு தனியுரிமை ஈமெயில் இருந்தது. 2024 பெப்ரவரியில் இன்னொரு நிறுவனம் அதை வாங்கியது. ஆறு மாதத்தில் பெட்டியை மூடிவிட்டார்கள். நல்ல சேவையும் மூடப்படலாம். அப்போது உங்கள் கடிதங்களையும் முகவரியையும் கையோடு கொண்டுபோக முடியுமா?

அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஓர் அட்டவணை. விளக்கம் கீழே வருகிறது.

| | ஜிமெயில் | புரோட்டன் மெயில் | டூட்டா | காசு கட்டும் சாதாரண பெட்டி |
|---|---|---|---|---|
| திறப்பு யாரிடம் | கூகுளிடம் | உங்களிடம் | உங்களிடம் | பெரும்பாலும் நிறுவனத்திடம் |
| கடிதத் தலைப்பு வரிக்குப் பூட்டு | நிறுவனம் திறக்கலாம் | நிறுவனம் பார்க்கலாம் | உண்டு | நிறுவனம் திறக்கலாம் |
| கடவுச்சொல் மறந்தால் | மீட்க வழிகள் அதிகம் | மீட்புக்கான 12 சொற்கள் இல்லையென்றால் பழைய கடிதங்களைப் படிக்க முடியாது | மீட்புக் குறியீடு இல்லையென்றால் பெட்டியே போய்விடும் | பொதுவாக மீட்கலாம் |
| இலவச இடம் | 15 ஜிபி, படங்களோடு சேர்த்து | 1 ஜிபி | 1 ஜிபி | இல்லை |
| திறக்காமல் விட்டால் | 2 வருடத்தில் அழியலாம் | 1 வருடத்தில் அழியலாம் | 6 மாதத்தில் அழியலாம் | காசு நின்றால் மூடப்படும் |
| கணினியில் வேறு மெயில் செயலியில் பார்க்க | முடியும் | காசு கட்டினால் முடியும் | முடியாது | முடியும் |

மறைந்த செலவுகள் அட்டவணையில் அடங்காது. அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஜிமெயிலிலேயே இருந்து பூட்டை இறுக்குவது

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். கூகுள் நம் கடிதங்களைப் படித்து அதற்கேற்ப விளம்பரம் போடுகிறது என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். அந்த வழக்கத்தை நிறுத்துவதாக 2017இல் கூகுள் அறிவித்துவிட்டது. ஆனால் கடிதங்களை வகை பிரிக்க, பதில் எழுதிக் காட்ட, விமான ரிக்கற்றின் திகதியை நாட்காட்டியில் போட என்று இயந்திரம் இன்னும் உள்ளே போய் வருகிறது. திறப்பு அவர்களிடம்தான். சட்டப்படி உத்தரவு வந்தால் கடிதத்தின் உள்ளடக்கத்தையே எடுத்துக் கொடுக்க அவர்களால் முடியும்.

அதே நேரம், திருடர்களிடமிருந்து காப்பதில் ஜிமெயில் மிக நல்லது. குப்பைக் கடிதங்களை வடிகட்டுவதில் அதற்கு நிகராக ஒன்றை நான் பாவித்ததில்லை.

எங்கள் ஊரில் ஜிமெயிலில் ஓட்டை விழுவது பெரும்பாலும் வேறு இடத்தில். ஒரு கொமியூனிகேஷன் கடையில் நான் கண்ணால் பார்த்தது: மேசையில் ஒரு தடித்த சிஆர் கொப்பி. இடப்பக்கம் ஆட்களின் பெயர், நடுவில் ஈமெயில் முகவரி, வலப்பக்கம் பாஸ்வேர்ட். நீலப் பேனையில், வடிவான கையெழுத்தில், பக்கம் பக்கமாக. கடைத் தம்பி கெட்ட எண்ணத்தில் அதை எழுதவில்லை. சனம் மறந்துவிட்டு வந்து நிற்கிறது, எழுதிவைத்தால் உதவியாக இருக்கும் என்று எழுதியிருக்கிறார். மீட்பு எண்ணாகத் தன்னுடைய போன் எண்ணையே கொடுத்திருக்கிறார். அந்தத் தம்பி நாளைக்கு வெளிநாடு போய், அவருடைய சிம் பாவிக்காமல் கிடந்து வேறொருவர் கைக்குப் போனால், அத்தனை பேரின் பெட்டிக்கும் திறப்பு அவரிடம் போகிறது. புரோட்டன் மாதிரி ஸ்விற்சர்லாந்துச் சேவைக்கு மாறினாலும், அதே கடையில், அதே கொப்பியில் எழுதித் திறந்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அதனால் ஜிமெயிலில் இருக்கப் போகிறவர்கள் இன்றைக்கே ஒரு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் உங்களுடையதா என்று பாருங்கள். எந்தெந்தக் கருவிகளில் உங்கள் கணக்கு திறந்து கிடக்கிறது என்ற பட்டியல் பாதுகாப்புப் பக்கத்தில் இருக்கிறது, தெரியாததை வெளியேற்றுங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். அதற்கான குறியீட்டை எஸ்எம்எஸ்ஸில் எடுப்பதை விட, போனிலேயே உருவாக்கித் தரும் செயலி நல்லது. அப்புறம், அமைப்புகளில் ‘முன்னனுப்பு’ என்ற பகுதியைக் கட்டாயம் பாருங்கள். யாராவது ஒருதரம் உங்கள் கணக்குக்குள் வந்து, வரும் கடிதமெல்லாம் தனக்கும் போகும்படி வைத்துவிட்டுப் போயிருந்தால், கடவுச்சொல்லை மாற்றினாலும் அது நிற்காது.

மறைந்த செலவு இடம்தான். 15 ஜிபி கேட்க நிறையத் தெரியும். ஆனால் போனில் எடுக்கும் படங்களும் அதே இடத்துக்குள் போகின்றன. கோணேசர் கோயில் தேர், பிள்ளைகளின் பிறந்தநாள், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி வீடியோ எல்லாம் சேர்ந்து நிரம்பியதும் புதுக் கடிதம் உள்ளே வராது, அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். எனக்கு நடந்தது அதுதான். ஒரு வாடிக்கையாளரின் தூதரகக் கடிதம் இரண்டு நாள் வந்துசேரவில்லை.

புரோட்டன் மெயில்

2014இல் ஜெனீவாவில் தொடங்கியது. தொடங்கியவர்கள் அங்குள்ள சேர்ன் என்ற இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சந்தித்தவர்கள். 2024இலிருந்து லாப நோக்கமற்ற ஓர் அறக்கட்டளையே அதன் முதன்மைப் பங்குதாரர். வருமானம் காசு கட்டும் பாவனையாளர்களிடமிருந்து வருகிறது, விளம்பரம் இல்லை. நான் எடுத்தது இதைத்தான். அதனால் நல்லதையும் கெட்டதையும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டு பேரும் புரோட்டன் பாவித்தால் கடிதம் அனுப்பியவரின் கருவியில் பூட்டப்பட்டுப் பெறுபவரின் கருவியில்தான் திறக்கும். ஜிமெயிலிலிருந்து ஒருவர் எனக்கு அனுப்பினால், வந்து விழும் கணத்தில் அது திறந்த கடிதம். அதற்குப் பிறகு என் பூட்டுக்குள் போய்விடும். புரோட்டனாலும் படிக்க முடியாது. ஆனால் அனுப்பியவரின் ஜிமெயிலில் ஒரு பிரதி இருக்கத்தான் செய்யும். இது பலருக்கு விளங்குவதில்லை. நான் மட்டும் மாறினால் கடிதத்தின் ஒரு முனைதான் பூட்டப்படுகிறது.

மற்ற முனைக்கும் ஒரு வழி இருக்கிறது. ஜிமெயில்காரருக்கு அனுப்பும்போதும் கடிதத்துக்குத் தனிக் கடவுச்சொல் போடலாம். அவருக்கு ஓர் இணைப்பு மட்டும் போகும். கடவுச்சொல்லைப் போட்டால் திறக்கும். முடிந்த மொழிபெயர்ப்புகளை இப்போது அப்படித்தான் அனுப்புகிறேன். போன் எடுத்து, “அம்மா, உங்கட ஊர்ப் பெயரோட நான் சொல்லுற மூன்று எண்ணையும் போடுங்கோ” என்பேன். முதல் மாதம் பாதிப்பேர் குழம்பினார்கள். இப்போது பழகிவிட்டது. ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த இணைப்பு வழமையாக 28 நாளில் காலாவதியாகும். அதற்குள் இறக்கி வைக்காதவர்கள் திரும்பவும் வந்து நிற்பார்கள்.

இனி, பூட்டாதவை. கடிதத்தின் தலைப்பு வரி, அனுப்பியவர், பெறுபவர், நேரம். தலைப்பு வரியில் ஆளின் பெயரையும் விஷயத்தையும் எழுதினால் உள்ளே எவ்வளவு பூட்டியும் வீண். நான் இப்போது தலைப்பில் கோப்பு எண் மட்டும் எழுதுகிறேன்.

சட்டம் வந்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொண்டே போக வேண்டும். 2021இல் ஸ்விஸ் அதிகாரிகளின் உத்தரவின்பேரில், பிரான்சின் காலநிலைச் செயற்பாட்டாளர் ஒருவரின் இணைய இணைப்பைக் காட்டும் ஐபி முகவரியைப் புரோட்டன் பதிந்து கொடுத்தது. 2024இல் ஸ்பெயின் பொலிசாருக்கு ஒரு கணக்கின் மீட்பு முகவரியைக் கொடுத்தது. அந்த முகவரி அப்பிள் நிறுவனத்துடையதாக இருந்ததால், அங்கே போய் ஆளைக் கண்டுபிடித்தார்கள். இரண்டிலும் கடிதங்களின் உள்ளடக்கம் போகவில்லை, கொடுக்க அவர்களிடம் திறப்பும் இல்லை. ஆனால் ஆள் யார் என்பது போனது. அடையாளத்தை மறைக்க வேண்டிய வேலையில் இருப்பவர்கள் தங்கள் பழைய ஜிமெயிலை மீட்பு முகவரியாகக் கொடுக்கவே கூடாது.

செலவுகளுக்கு வருவோம். இலவசப் பெட்டியில் 1 ஜிபி, ஒரு நாளைக்கு 150 கடிதம். ஒரு வீட்டுக்கு அது தாராளம். என் மாதிரி ஸ்கேன் பிரதிகளோடு வாழ்பவனுக்கு ஆறு மாதம்கூடக் காணாது. காசு கட்டும் அடுத்த படி மாதம் நாலைந்து டொலர், இன்றைய விலைக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். 15 ஜிபி கிடைக்கும். வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறந்துவிட்டீர்களா என்று முதலே பாருங்கள். வருடத்துக்கு ஒருதரம் கட்டினால் மலிவு. டொலர் ஏறினாலும் அந்த வருடம் தப்பும்.

தேடுவதும் ஒரு செலவுதான். கடிதங்கள் பூட்டியிருப்பதால் அவர்களின் கணினியால் உள்ளே தேடித் தர முடியாது. கடிதத்துக்குள் இருக்கும் ஒரு சொல்லைத் தேட, முழுப் பெட்டிக்கும் ஓர் அட்டவணையை உங்கள் கணினியிலேயே உருவாக்க வேண்டும். என் பழைய மடிக்கணினியில் அது ஒரு பின்னேரம் முழுக்க ஓடியது. ஜிமெயிலில் ஒரு சொல் தட்டி அடுத்த கணமே எட்டு வருடத்துக்கு முந்தின கடிதத்தை எடுத்துப் பழகியவர்களுக்கு இது எரிச்சல் தரும்.

எல்லாவற்றையும் விடப் பெரியது அந்தப் 12 சொற்கள். கணக்குத் திறந்ததும் மீட்புச் சொற்றொடர் ஒன்றைத் தருவார்கள். கடவுச்சொல் மறந்து, அந்தச் சொற்களோ மீட்புக் கோப்போ கையில் இல்லையென்றால், புதுக் கடவுச்சொல் போட்டு உள்ளே வரலாம், ஆனால் பழைய கடிதங்கள் பூட்டியபடியே கிடக்கும். அந்தச் சொற்களைப் போனில் படம் எடுத்து வைக்காதீர்கள். அந்தப் படம் கூகுள் போட்டோசுக்குத்தான் போகும். நான் இரண்டு கடதாசியில் எழுதி, ஒன்றை முத்திரை வைக்கும் அலுமாரியிலும், மற்றதை அக்கா வீட்டிலும் வைத்திருக்கிறேன்.

இந்தியாவோடு தொடர்புள்ளவர்களுக்கும் ஒரு சொல். 2025 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் புரோட்டன் மெயிலை அங்கே தடைசெய்ய நடவடிக்கை எடுக்கும்படி உத்தரவிட்டது. மருத்துவத்துக்கும் படிப்புக்கும் அங்கே போய் வரும் குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய. போகும்போது பெட்டி திறக்காவிட்டால் என்ன செய்வது என்று முதலே ஓர் ஏற்பாடு வைத்திருப்பது நல்லது.

டூட்டா

ஜேர்மனியின் ஹனோவர் நகரத்துச் சேவை. 2011இல் தொடங்கியது, 2023 வரை டூட்டனோட்டா என்று பெயர். பூட்டு என்ற விஷயத்தில் இதுதான் அதிகம் பிடிவாதமானது. தலைப்பு வரியும் பூட்டுக்குள், தொடர்புப் பட்டியலும் நாட்காட்டியும் பூட்டுக்குள். வருங்காலக் குவாண்டம் கணினிகளாலும் உடைக்க முடியாதபடியான பூட்டு முறையை 2024இலிருந்து சேர்த்துவருகிறார்கள்.

அந்தப் பிடிவாதத்துக்கு விலையும் உண்டு. அவர்களின் செயலியில்தான் பார்க்கலாம்; அவுட்லுக், தண்டர்பேர்ட் மாதிரி வேறு மெயில் செயலிகளில் இணைக்க முடியாது. இலவசப் பெட்டியை ஆறு மாதம் திறக்காமல் விட்டால் அழிந்துபோகும். கட்டாருக்கு வேலைக்குப் போய், அங்கே வேறு முகவரியில் வாழ்ந்துவிட்டு, விடுமுறைக்கு வந்து பழைய பெட்டியைத் திறக்கும் தம்பிமாருக்கு இது ஆபத்து. இலவசக் கணக்கு சொந்தப் பாவனைக்கு மட்டும். தொழிலுக்குப் பாவிக்க அனுமதி இல்லை. மீட்புக் குறியீடு 64 எழுத்துகள். பன்னிரண்டு சொற்களைக் கையால் எழுதலாம். 64 எழுத்தை ஒரு பிழையும் இல்லாமல் எழுதுவது வேறு வேலை, அச்சடித்து வையுங்கள்.

சட்டத்துக்கு இதுவும் கட்டுப்பட்டதுதான். 2020இல் ஜேர்மன் நீதிமன்றம் ஒன்றின் உத்தரவால், ஒரு கணக்குக்குப் புதிதாக வரும் பூட்டாத கடிதங்களின் பிரதியை எடுத்துக் கொடுக்க வேண்டிவந்தது. ஏற்கெனவே பூட்டுக்குள் போனவற்றைக் கொடுக்க அவர்களால் முடியவில்லை.

யாருக்குச் சரி? தங்களுக்குள்ளேயே அதிகம் எழுதிக்கொள்ளும் ஒரு சிறு குழுவுக்கு. ஆறு பேரும் டூட்டா வைத்திருந்தால் அவர்களுக்குள் போகும் கடிதங்களின் தலைப்புக்கூட வெளியே தெரியாது. எங்கள் ஊரில் இந்தத் தேவையைச் சிரித்துத் தள்ள முடியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் 5 மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களின் உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைக் காட்டிய படங்களை எடுத்த பத்திரிகையாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு படத்தை யார் எடுத்தார், யாருக்கு அனுப்பினார் என்பது இங்கே உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வியாக இருந்திருக்கிறது. அந்தமாதிரி வேலையில் இருப்பவர்களுக்கு ஈமெயிலே போதாது, டூட்டாவும் சேர்த்துத்தான் சொல்கிறேன். யார் யாருக்கு, எப்போது எழுதினார் என்ற தடம் ஈமெயிலின் அமைப்பிலேயே இருக்கிறது. அதை எந்தச் சேவையாலும் முழுக்க அழிக்க முடியாது.

காசு கட்டும் சாதாரண பெட்டி

மெல்பேர்ணில் 1999இலிருந்து நடக்கும் ஃபாஸ்ட்மெயில், பேர்லினில் 2009இலிருந்து நடக்கும் போஸ்டியோ இரண்டும் இந்த வகை. விளம்பரம் இல்லை, வேகமானவை, எந்தச் செயலியிலும் வேலை செய்யும், தேடுவதும் இலகு. ஃபாஸ்ட்மெயிலில் திறப்பு நிறுவனத்திடம். போஸ்டியோவில் விரும்பினால் பெட்டியைப் பூட்டிக்கொள்ளலாம். மாதம் 1 யூரோதான். கடித உறைக்குள் காசுத் தாள் வைத்து அனுப்பினாலும் ஏற்கிறார்கள். ஆனால் இலங்கையிலிருந்து யூரோத் தாளுக்கு எங்கே போவது?

விளம்பர நிறுவனத்தை விட்டு வெளியேறினால் போதும், திறப்பைச் சுமக்கும் பொறுப்பு வேண்டாம் என்பவர்களுக்கு இது பொருந்தும். இங்கே நான் அதிகம் பேருக்குச் சொல்வதில்லை. காசும் கட்டி, திறப்பும் கையில் இல்லாமல் இருப்பதற்கு, ஜிமெயிலை ஒழுங்காகப் பூட்டிவைப்பது மேல்.

சொந்தப் பெயரில் முகவரி

இது தனிப் பெட்டி அல்ல. பெட்டியின் மேல் போடும் பெயர்ப்பலகை. உங்கள் விடுதியின் பெயரில் டொட் எல்கே என்று முடியும் இலங்கை இணையப் பெயர் ஒன்றைப் பதிந்து, கடிதங்களைப் புரோட்டனிலோ ஃபாஸ்ட்மெயிலிலோ வந்து விழும்படி வைக்கலாம். நாளைக்கு அந்தச் சேவை மூடினாலோ விலை ஏற்றினாலோ பெட்டியை மட்டும் மாற்றலாம். முகவரி அப்படியே இருக்கும். வெளியேறும் வழி என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

உப்புவெளி அண்ணாவுக்கு இதைத்தான் சொன்னேன். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை அவருக்கு வெளிநாட்டுக்காரர் வருவார்கள். ஒவ்வொருவரின் கடவுச்சீட்டுப் பிரதியும் அவர் ஜிமெயிலில் கிடக்கிறது. அதே ஜிமெயில் அவர் பிள்ளைகள் விளையாடும் போனிலும் திறந்திருக்கிறது. தொழிலுக்குத் தனி முகவரி வந்தால் பார்க்கிறவருக்கும் நம்பிக்கை, பிரதிகளும் பூட்டுக்குள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் ஒன்றும் எங்கள் நாட்டில் இயற்றப்பட்டிருக்கிறது. விருந்தினரின் பிரதிகளைக் கவனமாக வைப்பதை இப்போதே பழகுவது நல்லது.

இதிலுள்ள ஆபத்து ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. வருடாந்தப் பதிவைப் புதுப்பிக்க மறந்தால் அந்தப் பெயரை வேறொருவர் எடுக்கலாம். எடுத்தால் உங்களுக்கு வரும் கடிதமெல்லாம் அவருக்கு வரும். வங்கிக் கடவுச்சொல் மாற்றும் இணைப்பும் அதில் அடக்கம். அதனால் சொந்தப் பெயர் முகவரியை வங்கிக்குக் கொடுப்பதற்கு நான் சம்மதிக்கவில்லை. டொட் இலங்கை என்று தமிழிலும் பதியலாம், ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ் எழுத்தில் உள்ள முகவரியை ஏற்காத படிவங்கள் இன்னும் ஏராளம்.

வீட்டில் சொந்தமாக அஞ்சல் கணினி வைத்து நடத்தலாமா என்றும் ஒரு தம்பி கேட்டார். வேண்டாம். கரண்ட் போனால் பெட்டியும் போகும். வீட்டு இணைப்பிலிருந்து வரும் கடிதங்களைப் பெரிய சேவைகள் குப்பைக்குள் தள்ளும்.

மாறும்போது வரும் செலவுகள்

ஒரு நாளில் மாற முடியாது. எனக்கு எட்டு மாதம் எடுத்தது. புரோட்டனில் பழைய ஜிமெயிலை அப்படியே இழுத்துவரும் வசதி இருக்கிறது. ஆனால் இழுத்துவந்தால் ஜிமெயிலில் இருப்பது அழியாது, அதை நீங்கள்தான் அழிக்க வேண்டும். அழித்ததும் குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும். பழைய பெட்டியிலிருந்து புதியதற்கு முன்னனுப்பும்படி வைத்தாலும், ஒவ்வொரு கடிதத்துக்கும் கூகுளில் ஒரு பிரதி தங்குவது தொடரும். கொஞ்சக் காலத்துக்கு அது பரவாயில்லை. வழக்கமாக்கிவிடக் கூடாது.

வங்கியில் முகவரி மாற்ற அடையாள அட்டையோடு கிளைக்கே போகவேண்டி வந்தது. இன்னொரு அலுவலகத்தில் நான் எழுத்தெழுத்தாகச் சொல்லியும், எழுதுவினைஞர் பழக்கத்தில் கடைசியில் ஜிமெயில் டொட் கொம் என்றே எழுதிவிட்டார். மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது ஒரு சின்னத் துண்டில் பெரிய எழுத்தில் முகவரியை அச்சடித்துக் கொண்டுபோகிறேன்.

அன்ட்ரொயிட் போன் வைத்திருந்தால் செயலிகள் இறக்கக் கூகுள் கணக்கு வேண்டும். ஜிமெயிலை முழுக்கக் கைவிட வேண்டும் என்று யாரும் தங்களை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. கடிதங்களை வெளியே எடுத்தால் போதும். கணக்கு வெறும் போனுக்காக இருந்துவிட்டுப் போகட்டும்.

யாருக்கு எது

ரீச்சருக்கு ஜிமெயிலே போதும் என்றேன். ஓய்வூதிய விஷயம், கனடாவில் இருக்கும் மகனின் கடிதங்கள், அவ்வளவுதான். மறதி கூடிவரும் வயதில் 12 சொற்களைக் காப்பாற்றச் சொல்வது அவருக்குப் பாரம். நானும் அவரும் உட்கார்ந்து மீட்பு எண்ணைப் பார்த்தோம். அது ஐந்து வருடத்துக்கு முன் அவர் கைவிட்ட சிம். மாற்றினோம், மகனின் முகவரியை இரண்டாவது மீட்பாகப் போட்டோம்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு நேரே எதிர்மாறாகச் சொன்னேன். இப்போது தொடங்கினால் இனிவரும் முப்பது வருடக் கடிதமும் புதுப் பெட்டியில்தான். புரோட்டன் இலவசப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். ஆனால் ஏற்கெனவே போட்ட விண்ணப்பங்கள் முடியும்வரை எந்த முகவரியையும் மாற்ற வேண்டாம் என்றும் சொன்னேன். நடுவில் மாற்றினால் ஒரு அனுமதிக் கடிதம் எந்தப் பெட்டிக்கு வரும் என்று இரவெல்லாம் விழித்திருக்க நேரும்.

என்னிடம் இப்போது இரண்டு பெட்டி. வங்கி, மின்சாரப் பட்டியல், போன் எல்லாம் பழைய ஜிமெயிலில், பூட்டை இறுக்கியபடி. ஆட்களின் கடதாசிகள் எல்லாம் காசு கட்டிய புரோட்டனில். வேலை முடிந்து மூன்று மாதம் கழித்து அழிக்கிறேன். அப்படி அழிப்பேன் என்பதை வாங்க வருகிறவரிடமும் சொல்லிவிடுகிறேன்.

மூதூர் அம்மா ஆடி மாதம் இன்னொரு கடிதத்தோடு வந்திருந்தார். இந்தமுறை ஸ்கேன் பண்ண வேண்டாம், கையிலேயே கொண்டுவாருங்கள் என்று போனில் முதலே சொல்லியிருந்தேன். மொழிபெயர்த்து முடித்து, மூலப் பிரதியை உறையில் போட்டு அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். பழைய பதினோரு பக்கமும் என் ஜிமெயிலில் இப்போது இல்லை. பஸ் நிலையத்துக் கடைக்கு அவரோடு நடந்துபோய், அனுப்பியவை பகுதியிலிருந்தும் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழிக்கச் சொன்னோம். கடைத் தம்பி மறுபேச்சில்லாமல் அழித்தார். பிறகு மேசையிலிருந்த கொப்பியைத் தானாகவே எடுத்து லாச்சிக்குள் வைத்தார்.